சூலக்கரையிலிருந்து நெடுந்தீவு வரை

எங்கள் ஊரின் பெயரிலேயே கரை இருக்கிறது; கடல்தான் இல்லை. விருதுநகரை அடுத்த சூலக்கரையில் வாழும் எங்களுக்குக் கரை என்றால் கண்மாய்க் கரையே. வானம் பொய்த்த ஆண்டுகளில் அக்கரையின் இருபுறமும் ஒரே மண் நிறமாகக் காட்சி தரும். இந்த வறட்சியே தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஏற்றதாக அமைந்து, சிவகாசி வட்டாரத்திற்குச் சோறு போடுகிறது. சுருங்கச் சொன்னால், ஈரத்தைக் கண்டு அஞ்சும் மக்கள் நாங்கள்!

இத்தகைய ஊரிலிருந்து, 2025-ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், நண்பர் நால்வர் தீவுகளைக் காணப் புறப்பட்டோம். ஒருவர் சிவகாசி அச்சகத்தில் பணிபுரிபவர். ஒருவர் பள்ளி ஆசிரியர். ஒருவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். நான்காமவர் இதனை எழுதுபவர். நால்வருக்கும் நீந்தத் தெரியாது. நால்வரும் அதுவரை படகில் கால் வைத்ததில்லை.

முன்னாளில் தனுஷ்கோடி வரை இரயிலில் சென்று, அங்கிருந்து கப்பலேறித் தலைமன்னாரை அடைவார்களாம். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து நடந்துவந்த கப்பல் போக்குவரத்தும் 1980-களில் போர்ச் சூழலால் நின்றுபோயிற்று. நெடுங்காலத்திற்குப் பின், 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திற்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் விடப்பட்டது. சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. அதில்தான் நாங்கள் சென்றோம். கரை கண்ணுக்கு மறைந்த அரைமணி நேரத்தில் எங்கள் வீரமும் மறைந்தது. காலையில் உண்ட இட்டிலி வயிற்றில் தங்கவில்லை. "கீழே குனியாதீர்கள். வானமும் கடலும் சேருகிற கோட்டையே பார்த்துக்கொண்டிருங்கள்" என்றார் கப்பல் ஊழியர் ஒருவர். அவ்வாறே செய்தோம், தலைச்சுற்றல் தணிந்தது. கடல் எங்களுக்குக் கற்பித்த முதல் பாடம் அது.

யாழ்ப்பாணத்திற்கு மேற்கே ஏழு தீவுகள் சிதறிக் கிடக்கின்றன. ஒல்லாந்தர் தம் நாட்டு நகரங்களின் பெயர்களை இவற்றிற்குச் சூட்டினர். வேலணை லைடன் ஆயிற்று. நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆயிற்று. தமிழர் நாவில் பழைய பெயர்களே நிலைத்தன. வேலணையையும் புங்குடுதீவையும் கடல்நடுவே அமைத்த சாலைகள் இணைக்கின்றன. பேருந்தின் இருபுறமும் முழங்கால் ஆழ நீர் மின்ன, வலைக்கழிகள் வரிசையாக நின்றன.

வேலணைத் தீவின் வடபால், ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில்தான் தனிநாயகம் அடிகள் 1913-இல் பிறந்தார். அடிகளாரின் தந்தைவழி ஊர் நெடுந்தீவு. குருவான பின் 1940-களில் நம் வடக்கன்குளத்தில் ஆசிரியராகப் பணியாற்றியபோதுதான் அவர் தமிழை ஊன்றிக் கற்றார். 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு முன்நின்று உழைத்தவரும் அவரே. ஒரு சிறு தீவின் பிள்ளை உலகத்தையே தமிழால் இணைக்க எண்ணியது வியப்பன்று எனத் தோன்றியது. எங்கே செல்வதாயினும் கடலைக் கடந்தே ஆக வேண்டும் என்பதைத் தீவில் பிறந்தவர் தாய்ப்பாலோடு அறிவார் அல்லவா!

புங்குடுதீவின் முனையில் உள்ள குறிகட்டுவான் துறையில் சாலை முடிகிறது. அங்கிருந்து நயினாதீவு கால்மணி நேரப் பயணம். அம்மன் கோயிலும் புத்த விகாரையும் சிறு தொலைவில் அமைந்திருக்கும் அத்தீவைக் கண்டு திரும்பி, மறுநாள் காலை நெடுந்தீவுப் படகில் ஏறினோம். மிதவைச் சட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, அரிசி மூட்டைகளுக்கும் எரிவாயு உருளைகளுக்கும் இடையே ஒருமணி நேரம் அமர்ந்திருந்தோம்.

நெடுந்தீவு அழகு வாய்ந்தது. சுண்ணாம்புச் சாந்தின்றிப் பவளக்கற்களை அடுக்கியே வேலி கட்டியிருக்கிறார்கள். வெட்டவெளியில் மட்டக்குதிரைகள் தம் விருப்பப்படி மேய்கின்றன. ஐரோப்பியர் விட்டுச் சென்றவற்றின் வழிவந்தவை என்பர். ஆப்பிரிக்க மண்ணுக்குரிய பெருக்கமரம் ஒன்று பெரும் பொந்துடன் நிற்கிறது. இடிந்த கோட்டைச் சுவர், பனைக்கூட்டம், குடிநீருக்குக் குடத்துடன் செல்லும் பெண்கள். இந்த இறுதிக் காட்சி எங்கள் ஊரை நினைவூட்டிற்று.

மாலைப் படகுக்குத் துறைக்கு வந்தபோது காற்று மாறியிருந்தது. படகு நிறைந்திருந்தது, எங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது. அவ்வேளையில் மூச்சுத் திணறிய ஒரு மூதாட்டியை நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தனர். தீவு மருத்துவர் யாழ்ப்பாண மருத்துவமனைக்கு அனுப்பியிருந்தார். உடன் இருவர். படகோட்டி எங்களை நோக்கி, "மூண்டு பேர் இறங்கவேணும். காத்து எழும்புது, கூட ஏத்த ஏலாது" என்றார்.

வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை. நாங்கள் நால்வரும் தலைகுனிந்து அமர்ந்திருந்தோம். நாளை மறுநாள் எங்கள் கப்பல். ஞாயிறன்று அச்சக நண்பரின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். தாய்மாமன் இல்லாமல் தாம்பூலம் மாற்ற மாட்டார்கள். கச்சான் காற்று வலுத்தால் படகு எத்தனை நாள் நிற்குமோ என்ற அச்சமும் இருந்தது. நாங்கள் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கையில், ஓர் இளைஞர் தம் பையை எடுத்துக்கொண்டு, "நான் நாளைக்குப் போறன்" என்று இறங்கிவிட்டார். அடுத்து, சிறுமியின் கையைப் பற்றியபடி ஒரு தாய் எழுந்தார்.

அப்போது அச்சக நண்பர் எழுந்தார். "அம்மா, நீங்கள் உட்காருங்கள்" என்று அவர் சொன்ன குரல் தழுதழுத்தது. அவர் பின்னே மூவரும் இறங்கினோம். அந்த இளைஞரைப் படகினர் மீண்டும் ஏற்றிக்கொண்டனர். ஏறும்போது அவர், "எங்கடை வீட்டை போங்கோ, அப்பா இருக்கிறார்" என்று வழி சொல்லிச் சென்றார்.

அன்றிரவு அவ்வீட்டுத் திண்ணையில் ஒடியற் கூழ் உண்டோம். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த மாவில் மீன் சேர்த்துக் காய்ச்சியது. பனங்கிழங்கை அவித்துத் தின்னும் எங்களுக்கு அது புதுச்சுவை. "எங்கை இருந்து வாறியள், தம்பியவை?" என்று கேட்ட பெரியவர், சிவகாசி என்றதும் முகம் மலர்ந்தார். பட்டாசின் புகழ் கடலையும் கடந்திருந்தது! வடக்கே வருவது வாடை, கிழக்கே கொண்டல், தெற்கே சோளகம், மேற்கே கச்சான் எனக் காற்றுகளை அவர் எண்ணிக் காட்டினார். நம் தென்கரை மீனவரும் இப்பெயர்களையே வழங்குவர். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், யாழ்ப்பாணத் தமிழ் மாலுமிகளுடன் 1938-இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை சென்றடைந்த கதையைப் பெருமையுடன் சொன்னார்.

பின்னர் அவர் குரல் தாழ்ந்தது. 1985 மே 15 அன்று, குறிகட்டுவானுக்குச் சென்ற குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டு, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டனர். "பிறகும் அதே கடலாலைதானே போனனாங்கள்! உங்களுக்கு இது பாக்கிற கடல், தம்பி. எங்களுக்கு இது தெரு" என்றார். நாங்கள் மறுமொழி கூறவில்லை. பனையோலைகளில் காற்று இரைந்துகொண்டிருந்தது.

விடியலில் காற்று தணிந்தது. படகு புறப்படுமுன் பெரியவருக்கு மகனிடமிருந்து தொலைபேசி வந்தது; மூதாட்டி உரிய நேரத்தில் மருத்துவமனை சேர்ந்து, மூச்சுச் சீராகியிருந்தார். எங்களுக்கும் கப்பல் தவறவில்லை. ஞாயிறன்று அச்சக நண்பர் தாய்மாமன் வரிசையோடு நின்றார்.

தீவுகளைக் காண விரும்பும் குடும்பத்தினர் தவறாது சென்று வாருங்கள். காற்றுக்கென இரண்டு நாட்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். மாலைப் படகில் இடம் கிடைத்தால், அமருமுன் ஒருமுறை துறையைத் திரும்பிப் பாருங்கள். யாரேனும் நாற்காலியில் வரக்கூடும்.

இப்போது மாலைகளில் நாங்கள் நால்வரும் சூலக்கரைக் கண்மாய்க் கரையில் அமர்கிறோம். காற்று வீசினால் அச்சக நண்பர் முகத்தைத் திருப்பி, "இது கச்சான்" என்கிறார். நாங்கள் அந்த மூதாட்டியை நினைத்துக்கொள்கிறோம்.