பஞ்சுவின் இடது பின்னங்கால்

மொட்டைமாடியில் ஓடும்போது பஞ்சு திடீரென்று இடது பின்னங்காலைத் தூக்கிக்கொள்வாள். இரண்டு எட்டு தத்தல். பிறகு அந்தக் காலைப் பின்னுக்கு ஒரு உதறு உதறிவிட்டுப் பழையபடி ஓட்டம். வெள்ளைவெளேர் பொமரேனியன் அப்படித் தத்தினால் பார்க்கிறவர்கள் "என்ன அழகு!" என்பார்கள். பதினான்கு வருடமாக நாய்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நானும் ஒரு மாதம் அதை ரசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மாதத்தை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது.

அந்த உதறலில்தான் எல்லாம் இருந்தது. தொடை எலும்பின் கீழ்முனையில் ஒரு பள்ளம் உண்டு. முழங்கால் சில்லு அதற்குள்தான் மேலும் கீழும் ஓட வேண்டும். பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய இன நாய்கள் பலவற்றுக்கு அந்தப் பள்ளம் ஆழமில்லாமல் அமைந்துவிடுகிறது. சில்லு உள்பக்கமாக நழுவிவிட்டால் காலை நீட்ட வராது, நாய் தூக்கிக்கொள்ளும். உதறி நீட்டும்போது சில்லு மறுபடி பள்ளத்தில் வந்து உட்காரும்.

கடைசியில் அவளைக் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். அவர் பஞ்சுவைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, என் கட்டைவிரலை அவள் முழங்காலில் வைக்கச் சொன்னார். காலை மெல்லத் திருப்பியபோது, விரலுக்கடியில் புளியங்கொட்டை அளவில் ஏதோ ஒன்று வழுக்கிப் போய்த் திரும்பி வந்தது. நான்கு கிரேடில் இது இரண்டாவது என்றார். கையால் தள்ளினால் மட்டும் விலகி, விட்டதும் திரும்பினால் முதல் கிரேடு. தானாகவே விலகித் திரும்புவது இரண்டாவது. பெரும்பாலும் விலகியே இருந்து, கையால் மட்டும் உள்ளே போவது மூன்றாவது. கையால் தள்ளினாலும் போகாதது நான்காவது. பஞ்சுவுக்கு உடனே அறுவை சிகிச்சை வேண்டாம். எடை ஏறக்கூடாது, தொடைத் தசை பலப்பட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தச் சமயத்தில் நான் அவளை அஜிலிட்டிக்குத் தயார்செய்துகொண்டிருந்தேன். 1978-இல் லண்டனில் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியின் இடைவேளையில், குதிரைகளின் தடைதாண்டலைப் பார்த்து நாய்களுக்கென்று அமைத்துக் காட்டிய விளையாட்டு அது. எனக்கு அதன்மேல் அவ்வளவு மோகம். ஆனால் அந்த முழங்காலை விரலில் உணர்ந்தபின் ஒவ்வொரு தடையும் வேறு மாதிரி தெரிந்தது. பின்னங்கால்தான் உடம்பை மேலே உந்தித் தள்ளுகிறது. இறங்கிய வேகத்திலேயே அடுத்த தடைக்குத் திரும்பும்போது முழங்கால் முறுகுகிறது. வரிசையாக நட்ட பன்னிரண்டு கம்புகளுக்கிடையே நெளிந்து ஓடினால் அந்த முறுக்கல் இடமும் வலமுமாக மாறிமாறி விழுகிறது. சில்லு விலகித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் குருத்தெலும்பு தேய்கிறது. அதோடு மூட்டுக்குள் இருக்கும் சிலுவைத் தசைநாருக்கும் ஆபத்து.

"அதுவே ஆசையா ஓடுதே மேடம், வலிச்சா ஓடுமா?" என்று என்னிடம் வருகிறவர்கள் கேட்பார்கள். ஓடும். பந்தைக் காட்டினால் மூன்று காலிலும் ஓடிவரும். உற்சாகத்தில் இருக்கும் நாய்க்கு வலி பின்னால்தான் தெரியும், ராத்திரி படுக்கப் போகும்போது. அதனால் இந்த முடிவை நாயிடம் விடக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். முதல் கிரேடு நாயைத் தாழ்வான தடைகளோடு ஓடவிடச் சம்மதிக்கும் மருத்துவர்கள் உண்டு. அதில் நான் தலையிட மாட்டேன். பஞ்சுவுக்கு மட்டும் குதிப்பது வேண்டாமென்று வைத்துவிட்டேன். டைல்ஸ் தரையில் கயிற்றுப் பாய் விரித்தேன். பாதத்தின் அடியில் வளரும் முடியை வாராவாரம் வெட்டுகிறேன். காலையில் கடற்கரையின் ஈர மணலில் மெதுநடை. கால் புதையும் உலர்மணலில் விடுவதில்லை.

இதெல்லாம் உடம்புக்கு. அவள் மூளைக்கு வேலை வேண்டுமே! அமெரிக்காவில் மோப்ப விளையாட்டுப் போட்டி நடத்துகிறவர்கள் பயன்படுத்தும் வாசனைகளில் ஒன்று கிராம்பு என்று படித்திருந்தேன். நம் அடுக்களையில் அதற்கா பஞ்சம்? பஞ்சுக்குச்சியில் ஒரு துளி கிராம்பு எண்ணெய், மூடியில் துளையிட்ட சின்னத் தகர டப்பா, அட்டைப்பெட்டி ஆறு. முதலில் டப்பாவோடு கோழித்துண்டும் வைத்தேன். பிறகு டப்பா மட்டும். கண்டுபிடித்தால்தான் கோழி.

அவள் தேடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். முதல் இரண்டு பெட்டியைச் சும்மா கடந்து போவாள். மூன்றாவதைத் தாண்டியதும் உடம்பு முன்னே போக, தலை மட்டும் சட்டென்று பின்னால் திரும்பும். மூச்சு குறுகிக் குறுகி, மூக்கில் 'ஃபுஃப் ஃபுஃப்' என்று கேட்கும். வால் அசைவு நின்றுவிடும். பெட்டியின் ஒரு மூலையில் மூக்கை வைத்து அசையாமல் என் முகத்தைப் பார்ப்பாள். நான் தடைகளில் தேடிக்கொண்டிருந்த பார்வை அதுதான். அஜிலிட்டி ஓடி முடிக்கும் நாய் தன் ஆளைப் பார்க்குமே, அதே பார்வை. அதற்கு அவள் முழங்காலைச் செலவழிக்கத் தேவையே இருக்கவில்லை. பத்து நிமிடம் தேடிவிட்டு வந்தால் அன்று மத்தியானம் முழுக்க அசந்து தூங்குவாள்.

இப்போது பெட்டிகளை விட்டு வாளி, செருப்பு, நிறுத்திய ஸ்கூட்டர் என்று வந்துவிட்டோம். இன்று சாயங்காலம் டப்பாவை ஸ்கூட்டர் சீட்டுக்கடியில் ஒட்டலாம் என்றிருக்கிறேன். பின்னங்காலில் எழுந்து நிற்காமலே அவள் மூக்கு எட்டுமா என்று முதலில் அளந்து பார்க்க வேண்டும்.