மறக்காத சைக்கிளும் மறந்துபோன எழுத்தும்

கடலைக்கு முதல் களை எடுத்தாச்சு, இனி மழை வரணும். அதுவரைக்கும் கொஞ்சம் ஓய்வு. இந்தப் பதிவு வயலைப் பத்தி இல்லை, எங்க ஊர் மகளிர் குழுவைப் பத்தி.

டவுன்ல இருக்கிற நண்பர்கள் பலருக்கு, சுய உதவிக் குழு என்றால் பேங்க்ல கடன் வாங்கிப் பிரிச்சுக்கிற கூட்டம் என்றுதான் நினைப்பு. கடனும் உண்டுதான். ஆனா எங்க ஊர்ல அது ஒரு பள்ளிக்கூடமாவும் நடக்குது.

இதுக்கு ஒரு பழைய கதை இருக்கு. எங்க புதுக்கோட்டை மாவட்டத்துல 1991-ல அறிவொளி இயக்கம் ஆரம்பிச்சது. அப்போ கலெக்டர் ஷீலா ராணி சுங்கத். வேலை முடிஞ்சு வந்தவங்களுக்கு ராத்திரியில அ, ஆ. அதோட பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் சொல்லிக்கொடுத்தாங்க. ஆயிரக்கணக்கான பெண்கள் கத்துக்கிட்டாங்க. "பொம்பளைக்கு எதுக்குடா சைக்கிள்" என்று திண்ணையில உட்கார்ந்து சிரிச்ச ஆம்பளைகளும் இருந்தாங்க.

எங்க தெருப் பெரியம்மா ஒருத்தங்க, எழுத்தையும் சைக்கிளையும் ஒரே வருஷத்துல கத்துக்கிட்டவங்க. இப்பவும் சைக்கிள்லதான் சந்தைக்குப் போறாங்க. எழுத்து? கையெழுத்து மட்டும் மிச்சம். ஏன் பெரியம்மா என்று கேட்டேன். "சைக்கிளுக்கு தினம் வேலை இருந்துச்சு தம்பி. குடத்தக் கட்டித் தண்ணி எடுத்தேன், கீரைக்கட்டக் கொண்டுபோய் வித்தேன். எழுத்துக்கு இந்த வீட்ல என்ன வேலை?" என்றாங்க.

எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

குழுவுல மொத்தம் பதினாறு பேர். எங்க வீட்லயும் உறுப்பினர். மாசம் ஆளுக்கு 100 ரூபா சேமிப்பு. உள்கடனுக்கு நூத்துக்கு ஒரு ரூபா வட்டி. தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், கடன் பேரேடு எல்லாத்தையும் பிளஸ் டூ படிச்ச ஒரு பொண்ணுதான் எழுதிக்கிட்டிருந்துச்சு. மத்தவங்க காட்டின இடத்துல கையெழுத்துப் போடுவாங்க. அந்தப் பொண்ணு கல்யாணமாகி திருப்பூர் போனதும் ரெண்டு மாசம் கணக்கு அப்படியே நின்னுபோச்சு.

சம்பளத்துக்கு ஆள் வைக்கலாம் என்று சிலர் சொன்னாங்க. கடைசியில முடிவானது வேற. கூட்டத்துக்கு ஒருத்தர் எழுதணும், இன்னொருத்தர் அதைச் சத்தமா வாசிக்கணும். காலேஜ் படிக்கிற பிள்ளை ஒண்ணு பக்கத்துல உட்கார்ந்து திருத்தும். ஞாயித்துக்கிழமை ராத்திரி கோயில் மேடையில வகுப்பும் சேர்த்து. முதல்ல ஒரு பக்கம் எழுத ஒரு மணி நேரம் ஆச்சு. "இதுக்குப் பாத்தி கட்டிரலாம்" என்று எங்க வீட்ல புலம்பினது எனக்குத் தெரியும். ஆனா தன் பணம், தன் கடன் எழுதியிருக்கிற நோட்டு இல்லையா? தப்பில்லாம வாசிக்கணும் என்கிற கவனம் தானா வந்துச்சு.

போன வருஷம் ஒரு தனியார் நிதி நிறுவனத்து ஆள் வந்தார். வீடு தேடி வந்து கடன். கையில 30,000, வாரம் 700, 52 வாரம். "வட்டி ரொம்பக் கம்மிக்கா" என்றார். ஒன்பது பேர் ஆதார் கார்டை எடுத்துட்டு வந்துட்டாங்க. பெரியம்மா மட்டும் அந்தத் தாளை வாங்கி, எழுத்துக்கூட்டி வாசிச்சாங்க. கால் மணி நேரம் ஆச்சு. அந்த ஆள் ரெண்டு தடவை வாட்சைப் பார்த்தார்.

இன்சூரன்ஸ், செலவு என்று 900 ரூபா முதல்லயே பிடிச்சுக்குவாங்க. ஒருத்தர் தவணை தவறினா மத்தவங்க சேர்ந்து கட்டணும். ரெண்டுமே தாள்ல இருந்துச்சு, அவர் வாயில வரலை. அப்புறம் பேரேட்டுப் பின்பக்கத்துல கணக்குப் போட்டாங்க. 52 வாரத்துல கட்டுறது 36,400. கைக்கு வர்றது 29,100. வித்தியாசம் 7,300. அதே 30,000-ஐ குழுவுல வாங்கி, மாசம் 2,500 அசலும் மீதிக்கு வட்டியுமா ஒரு வருஷத்துல கட்டினா வட்டி மொத்தம் 1,950. அந்த வட்டியும் குழுவுக்கே வரும்.

ஏழு பேர் ஆதாரைத் திரும்ப இடுப்புல சொருகிக்கிட்டாங்க. ரெண்டு பேர் வாங்கினாங்க. ஒருத்தருக்கு ஆஸ்பத்திரிச் செலவு, இன்னொருத்தருக்குப் பிள்ளையோட காலேஜ் ஃபீஸ். குழுவுல அப்போ அவ்வளவு கையிருப்பு இல்லை. எழுத்துத் தெரிஞ்சா பணம் முளைச்சிடாது. ஆனா அந்த ரெண்டு பேரும் எதுல கையெழுத்துப் போடுறோம் என்று தெரிஞ்சு போட்டாங்க.

நீங்க உங்க சொந்த ஊருக்குப் போகும்போது மகளிர் குழு கூட்டம் நடந்தா பத்து நிமிஷம் உட்காருங்க. எவ்வளவு கடன் வாங்கியிருக்கீங்க என்று கேட்க வேண்டாம். நோட்டை யார் எழுதுறாங்க, யார் வாசிக்கிறாங்க என்று கேட்டுப் பாருங்க.