அம்மாவின் மாத்திரைப் பெட்டியும் என் வெள்ளை எலிகளும்

மருந்தியல் முதுகலை படித்தபோது என் ஆய்வு வெள்ளை எலிகளோடுதான். பால்பவுடர் கலக்கிய தண்ணீர்த் தொட்டி. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே கண்ணுக்குத் தெரியாத ஒரு மேடை. ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் வெளியிட்ட முறை. நல்ல எலி சில நாள் பழக்கத்தில் அறையின் அடையாளங்களை வைத்து நேரே மேடைக்கு நீந்திவிடும். மூளையில் அசிட்டைல்கோலின் சுரக்கும் செல்களை நச்சு செலுத்தி அழித்த எலியோ தொட்டி விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தவிக்கும்.

அந்தத் தவிப்பைப் பார்க்க எனக்கு மனம் தாங்காது. ஃபைசோஸ்டிக்மின் என்ற மருந்து கொடுத்ததும் அதே எலி சட்டென்று மேடையேறினால் கண் கலங்கிவிடும். கைடு மட்டும் மேடையை வெளியே தெரியும்படி உயர்த்தி மறுபடி நீந்தவிடச் சொல்வார். அதற்கும் முன்னைவிட வேகமாகப் போனால், மருந்து கூட்டியது நினைவையா சுறுசுறுப்பையா என்று சொல்ல முடியாது. அளவும் முக்கியம். குறைந்தால் பலனில்லை, கூடினால் எலி நடுங்கி, எச்சில் வடித்து, இன்னும் மோசமாகத் தடுமாறும். இவ்வகை மருந்து, மிஞ்சிய செல்கள் விடும் அசிட்டைல்கோலின் சிதையாமல் காக்கும், அவ்வளவே. ஸ்கோபோலமின் என்ற மருந்தோ அசிட்டைல்கோலின் வேலை செய்யும் இடத்தையே அடைத்து, காயமில்லாத எலியையும் வழி மறக்கச் செய்துவிடும்.

பல வருடம் கழித்து அம்மாவுக்கு அல்சைமர். ஃபைசோஸ்டிக்மின் போலவே வேலை செய்யும் டோனெபெசில் தொடங்கியதும் பேச்சில் கொஞ்சம் தெளிவு வந்தது. பிறகு திடீரென்று சரிவு. பகலா இரவா என்பதே குழம்பியது. நோய் முற்றுகிறது என்றே எல்லோரும் சொன்னார்கள். ஒரு நாள் அவள் மாத்திரைப் பெட்டியை நிரப்பும்போது, அடக்க முடியாத சிறுநீருக்கென்று வேறொரு மருத்துவர் தந்த ஆக்ஸிபியூட்டினின் கண்ணில் பட்டது. ஸ்கோபோலமின் அடைக்கும் அதே இடத்தை அடைக்கும் மருந்து! டோனெபெசிலே சிலருக்குச் சிறுநீர் அவசரத்தைக் கொண்டுவரும் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் மாத்திரையின் தொந்தரவுக்கு இரண்டாவது வந்து, முதலாவதின் பலனையே தடுத்திருக்கலாம்.

நரம்பியல் மருத்துவரிடம் சொன்னேன். அவர் ஆக்ஸிபியூட்டினினை நிறுத்தினார். சில வாரங்களில் குழப்பம் தணிந்தது. பேரன் பெயர் மட்டும் திரும்பவில்லை. இறந்த செல்களை டோனெபெசில் எழுப்பாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அழுதேன். இப்போது நேரம் பார்த்து நாங்களே அவளைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகிறோம். சளிக்குச் சாதாரணமாக வாங்கும் குளோர்ஃபெனிரமினும் அந்த அடைக்கும் வகைதான்; மருத்துவரைக் கேட்காமல் அம்மாவுக்கு அதைக் கொடுப்பதில்லை.