சொட்டு நிற்கும் வரை

நூறு வயதை நெருங்கும் ரயில் பெட்டியில் குழாய் சொட்டினால், தேர்ந்த கை முதலில் குழாயைத் தொடுவதில்லை. பெட்டிக்கு அடியில் போகிறது. அமெரிக்காவின் இல்லினாய் ரயில்வே மியூசியத்தில், புல்மன் கம்பெனியின் பழைய தூங்கும் பெட்டி ஒன்றின் கீழே மல்லாந்து படுத்திருந்த பெரியவரிடம் நான் கற்ற முதல் பாடம் இது. ஓய்வுபெற்ற லேத் தொழிலாளி. வார இறுதிகளில் சம்பளம் வாங்காமல் இங்கே வந்து உழைக்கிறார். “கீழே காற்றழுத்தம் கூடியிருந்தால் மேலே புது வாஷரும் ஒழுகும். முதலில் இதைப் பார்க்க வேண்டும்” என்று தண்ணீர்த் தொட்டியைத் தட்டிக் காட்டினார்.

சிகாகோவுக்கு வடமேற்கே யூனியன் என்ற சிற்றூரில் இருக்கிறது இந்த இடம். 1953இல் பத்துப் பேர் ஆளுக்கு 100 டாலர் போட்டு, காயலான் கடைக்குப் போகவிருந்த ஒரு மின்சார ரயில் பெட்டியை வாங்கியதில் தொடங்கியது. 1964இல் யூனியனுக்கு இடம் மாறினார்கள். இன்றும் பழுதுபார்க்கும் வேலையில் பெரும்பகுதியைத் தன்னார்வலர்களே செய்கிறார்கள்.

பெட்டிக்கு அடியில் ஏன் காற்று? ஆரம்ப காலத்துத் தூங்கும் பெட்டிகளில் கை கழுவும் தொட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கைப்பம்பு இருந்தது. ஒரு கையால் அடித்து மறு கையைக் கழுவ வேண்டும். காற்று பிரேக் பரவிய பிறகு அந்தக் காற்றிலேயே கொஞ்சத்தைத் தண்ணீருக்குத் திருப்பினார்கள். அடியிலிருக்கும் தொட்டியில் காற்று அழுத்த, தண்ணீர் குழாய்க்கு ஏறுகிறது. நடுவில் ஒரு வால்வு காவல் நிற்கிறது: பிரேக்குக்குப் போதுமான காற்று சேர்ந்த பிறகே தண்ணீர்த் தொட்டிக்குத் திறக்கும். பயணி முகம் கழுவுவதற்காக வண்டி நிற்காமல் போய்விடக் கூடாது அல்லவா? அந்தக் காலத்துப் பொறியாளர்களின் இந்த முன்யோசனையை எண்ணி நான் வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தேன்.

பிறகுதான் மேலே போனோம். ஆண்கள் கழுவும் அறை. வரிசையாக நிக்கல் முலாம் மின்னும் தொட்டிகள், அவற்றை ஒட்டிப் பல் துலக்குவதற்கென்றே தனியாக ஒரு சிறு தொட்டி. குழாய்கள் எல்லாம் அமுக்கினால் மட்டும் திறப்பவை. கையை எடுத்ததும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் மூடிவிடும். நம்மூர் ரயிலில் அடியிலிருந்து மேலே அமுக்கும் குழாய்க்கும் இதே காரணம்தான்: தண்ணீர்த் தொட்டியில் இருப்பது அளவான தண்ணீர், யாரும் திறந்துவிட்டுப் போய்விடக் கூடாது.

பெரியவர் குழாயின் மேல் மூடியில் தோல் துண்டைச் சுற்றி, அதன்மேல் ஸ்பேனரைப் போட்டார். நிக்கலில் ஒரு கீறல் விழக் கூடாது. வாஷர் கல்லாக இறுகிப்போயிருந்தது. அதை அவர் பொருட்படுத்தவே இல்லை. வாஷர் உட்காரும் பித்தளைச் சீட்டின் மீது டார்ச்சை அடித்துக் காட்டினார். விளிம்பில் மெல்லிய பள்ளம் ஒன்று. நாள்பட்ட கசிவு ஒரே தடத்தில் ஓடி ஓடி உலோகத்தையே அறுத்திருக்கிறது. இதன்மேல் எத்தனை வாஷர் மாற்றினாலும் சொட்டு நிற்காது.

சீட்டை அரைத்துச் சமப்படுத்த வேண்டும். எவ்வளவு அரைப்பது என்பதில்தான் முழு வித்தையும் இருக்கிறது. கிரைண்டிங் பேஸ்டைத் தொட்டு வைத்து, கால் சுற்று முன்னும் பின்னும் திருப்பி, துடைத்து, பார்த்து, மறுபடியும். பித்தளை ஒருமுறை போனால் போனதுதான். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு எத்தனை பேர் இதே சீட்டை அரைக்க வேண்டியிருக்கும் என்று அவர் கணக்குப் பார்ப்பது அவருடைய நிதானத்திலேயே தெரிந்தது. புதுக் குழாய் மாட்டினால் ஒரு மணி நேரத்தில் முடியும் வேலை. ஆனால் அந்தக் குழாய் இந்தப் பெட்டியுடையதாக இருக்காது. தேய்வது வாஷராக இருக்கட்டும், குழாய் நிற்கட்டும் என்பதே இவர்களுடைய நியாயம். அது எனக்கும் முழுச் சம்மதம்.

இன்னொரு குழாயைக் கழற்றியபோது பித்தளையில் ரோஜா நிறத் திட்டு இருந்தது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டார். தண்ணீர் காலப்போக்கில் பித்தளையிலிருக்கும் துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது ஓட்டை விழுந்த செம்பு, திருகினால் பொடிந்துவிடும்.

இந்த அறையின் நீண்ட இருக்கையைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. பகலில் பயணிகள் புகைபிடிக்க உட்காரும் இடம். இரவில், பெட்டியைக் கவனித்துக்கொண்ட கறுப்பினப் போர்ட்டர் சில மணி நேரம் கண்ணயர வாய்த்த இடமும் இதுதான். அவருக்குத் தனியாக நீலப் போர்வை. பயணிகளின் போர்வையோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. படுக்கை விரிப்பதும், ஷூவுக்குப் பாலிஷ் போடுவதும், இந்தத் தொட்டிகளையும் குழாய்களையும் துடைத்துப் பளபளப்பாக்குவதும் அவர் வேலை. மாதம் 400 மணி நேரம் அல்லது 11,000 மைல் உழைத்தால்தான் முழுச் சம்பளம். 1925இல் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் தலைமையில் போர்ட்டர்கள் சங்கம் அமைத்து, 1937இல்தான் புல்மன் கம்பெனியை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தார்கள். அதில் மாத வேலை 240 மணி நேரமாகக் குறைந்தது. இந்த நிக்கலைத் தேய்த்துத் தேய்த்து மெலிய வைத்த கைகள் அவர்களுடையவை. அதனால்தான் இதைக் கழற்றி எறியக் கூடாது என்கிறேன்.

குழாய்களுக்குப் பெரிய எதிரி பயணியும் இல்லை, வயதும் இல்லை, குளிர்காலம். உறையும் தண்ணீர் ஏறத்தாழ ஒன்பது சதவீதம் விரியும். இல்லினாயின் பனிக்காலத்தில், வளைந்து தொங்கும் குழாயில் ஒரு கிண்ணம் தண்ணீர் தேங்கினாலும் செம்பு நீளவாக்கில் கிழிந்துவிடும். ஆகவே இலையுதிர் காலத்தில் வடிகால் வால்வுகளை எல்லாம் திறந்து, காற்றை ஊதி, ஒவ்வொரு குழாயும் காய்ந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். பக்கத்தில் ஓடும் நீராவிக் குழாய்களில் பழைய கல்நார் உறை இருக்கக்கூடும் என்பதால், சோதித்துத் தெளியாமல் எந்த உறையையும் பிரிப்பதில்லை.

மாலையில் கம்பிரஸரை இணைத்துக் காற்றேற்றினார்கள். குழாயை அமுக்கியதும் முதலில் காற்று இருமியது, பிறகு துரு கலந்த தண்ணீர், பிறகு தெளிந்த தண்ணீர். கையை எடுத்ததும் நின்றது. கை கழுவும் தொட்டியில் காகிதத்தை விரித்து வைத்துக் காத்திருந்தோம். காகிதம் நனையவில்லை.

ஆனால் தொட்டிக்கு அடியில், மரையிட்ட ஓர் இணைப்பில் ஈரம் தட்டியிருந்தது. பெரியவர் அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டார். அந்த மரை இன்றைய அளவு எதிலும் சேராது. அதற்கேற்ற நட்டை லேத்தில் கடைந்துதான் எடுக்க வேண்டும். பித்தளைக் கம்பி எந்த விட்டத்தில் வேண்டும் என்று அளவெடுத்துக் குறித்துக்கொண்டு பட்டறைக்குக் கிளம்பினார்.