விமானிக்கு அரியர் இருக்கலாமா?

கேம்பஸ் இன்டர்வியூ அறிவிப்பு வந்தால் நம்மில் பாதிப் பேர் முதலில் பார்ப்பது சம்பளத்தை இல்லை, 'ஹிஸ்டரி ஆஃப் அரியர்ஸ்' பற்றி என்ன போட்டிருக்கிறது என்பதைத்தான். கிளியர் பண்ணிய அரியர்கூட சில கம்பெனிகளுக்கு ஆகாது. இதே கேள்வியை விமானிகள் விஷயத்தில் கேட்டால்? ஃப்ளைட் டெஸ்ட்டில் ஃபெயிலாகி, அப்புறம் பாஸ் பண்ணிய ஒருவர் நூறு பேரை ஏற்றிக்கொண்டு பறக்கலாமா?

"கூடவே கூடாது" என்றுதான் சட்டென்று வாயில் வரும். ஆலங்குளத்தில் தென்காசி பஸ் ஏறும்போது, டிரைவர் எத்தனாவது தடவையில் லைசென்ஸ் வாங்கினார் என்று நாம் கேட்பதில்லை. விமானம் என்றால் மட்டும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2009 பிப்ரவரி 12 இரவு, அமெரிக்காவில் பஃபலோ அருகே கோல்கன் ஏர் விமானம் ஒன்று வீட்டின் மேல் விழுந்தது. விமானத்தில் இருந்த 49 பேரும், அந்த வீட்டில் ஒருவரும் இறந்தார்கள். வேகம் குறைகிறது என்று எச்சரித்து கன்ட்ரோல் அதிர்ந்தபோது, மூக்கைத் தாழ்த்த வேண்டிய கேப்டன் அதைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். அவர் வேலைக்குச் சேரும் முன்பே மூன்று லைசென்ஸ் சோதனைகளில் ஃபெயில். விண்ணப்பத்தில் சொன்னதோ ஒன்றே ஒன்று! சேர்ந்த பிறகும் 2006-லும் 2007-லும் சறுக்கல்கள்.

பார்த்தீங்களா, ஃபெயிலானவரை விட்டதுதான் தப்பு என்பீர்கள். எனக்கு உறுத்துவது வேறு. மூன்றில் இரண்டை ஏன் மறைத்தார்? சொன்னால் வேலை கிடைக்காது என்று நினைத்திருக்கலாம். அவர் மறைத்ததால் கம்பெனி முழுக் கதையையும் பார்க்கவே இல்லை. சேர்ந்த பிறகு வந்த சறுக்கல்களைப் பழையவற்றோடு சேர்த்துப் பார்த்து, கூடுதல் பயிற்சி கொடுக்க வாய்ப்பே இல்லாமல் போச்சு.

இதற்காகவே 2010-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. விமானிகளின் பதிவுகளை எல்லாம் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும் என்றது. அது முழுசாக நடைமுறைக்கு வருவதற்குள், 2019 பிப்ரவரியில் டெக்சாஸில் அட்லஸ் ஏர் சரக்கு விமானம் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அங்கேயும் துணை விமானி முந்தைய கம்பெனிகளில் ஃபெயிலானதை மறைத்திருந்தார்.

நம்ம ஊர் மட்டும் என்ன சளைத்ததா? 2011-ல் டி.ஜி.சி.ஏ. தேர்வில் தேறாமலே போலி மதிப்பெண் பட்டியல் காட்டி லைசென்ஸ் வாங்கிய விமானிகள் பிடிபட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை.

இன்னொரு பக்கம் நம் விமானப்படை. விமானி ஆவதற்கான திறன் சோதனையில் (முன்பு பி.ஏ.பி.டி., இப்போது சி.பி.எஸ்.எஸ்.) ஒரு தடவை தேறாவிட்டால் ஆயுளுக்கும் விமானிப் பிரிவு கிடையாது என்பதே பல வருஷம் விதியாக இருந்தது. கடுமைதான். ஆனால் அது பயிற்சிக்கு முன்னால், அரசு செலவு செய்வதற்கு முன்னால் நடப்பது. நிலத்தை அடகு வைத்துப் பல லட்சம் கட்டி, 200 மணி நேரம் பறந்து முடித்த பையனுக்கு அதே விதியைப் போட்டால் என்ன ஆகும்? ஒரு நாள் எதிர்க்காற்றில் தடுமாறியதற்காக வாழ்க்கையே போச்சு என்றால், மறைக்கத்தான் தோன்றும்.

ஆகவே என் கட்சி இது. ஃபெயிலானது கணக்கில் வரணும், ஆனால் வெறும் எண்ணிக்கையாக இல்லை. எதில் ஃபெயில்? அதே தப்பு மறுபடி வந்ததா? அதற்கு என்ன பயிற்சி எடுத்தார்? ஒரு தடவை இறங்குவதில் தடுமாறி, திருத்திக்கொண்டு, பத்து வருஷம் சுத்தமாகப் பறந்தவரோடு நான் தைரியமாக ஏறுவேன். வருஷா வருஷம் ஏதாவது ஒன்றில் சறுக்குகிறவரோடு ஏற மாட்டேன், எல்லாவற்றையும் கடைசியில் பாஸ் பண்ணியிருந்தாலும் சரி. மறைத்தவரை? ஒரே ஒரு ஃபெயிலாக இருந்தாலும் காக்பிட்டுக்குள் விடக்கூடாது.

நீங்க எந்த விமானத்தில் ஏறுவீங்க?