கால் மைல்

மாரினெட்டியின் 1909 அறிக்கையை நான் இரண்டு கட்டுரைகளில் எடுத்தாண்டிருக்கிறேன். உறுமி ஓடும் பந்தயக் கார் ஒரு கிரேக்கச் சிற்பத்தைவிட அழகானது என்று அதில் அவர் சொல்கிறார். அக்கட்டுரைகளை எழுதிய நாட்களில் எனக்குச் சைக்கிள் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. வேகம் எனக்கு ஒரு கருத்து, அவ்வளவுதான். அதற்கு எடை உண்டு என்பது பிற்பாடு, 1986இல், மிச்சிகனில் தெரிந்தது.

டெட்ராய்ட்டுக்கு மேற்கே ஒரு சிற்றூரில் வேலை நிமித்தம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் கார்த் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். மாலை வேளைகளில் கராஜில் விளக்கைப் போட்டுக்கொண்டு எதையாவது கழற்றிக்கொண்டிருப்பார். எனக்கும் மாலைகளில் செய்ய ஒன்றுமில்லை. எழுத்து நின்றுபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒருநாள் டார்ச் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

'மஸில் கார்' என்பதன் தத்துவம் எளிமையானது. சாதாரணக் குடும்பக் காரில் பெரிய காரின் இஞ்சினை வைப்பது. 1964இல் பான்டியாக் ஜிடிஓ இப்படித்தான் வந்தது. 1968இல் பிளிமத் ரோட் ரன்னர் 3000 டாலருக்குள் கிடைத்தது. ஆலையில் வேலை பார்க்கும் இளைஞன் வாங்கிவிடலாம். பிறகு இன்ஷூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973இன் எண்ணெய் நெருக்கடி எல்லாம் சேர்ந்து அந்த யுகத்தை முடித்துவைத்தன. பெயர் பெற்ற கார்கள் சேகரிப்பாளர்களிடம் போய்ச் சேர்ந்தன. 1971ஆம் வருஷத்து ஹெமி குடா ஒன்று 2014இல் 35 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. பணமில்லாதவனுக்கு ஒரே வழிதான்: அந்தக் கார்களைச் செய்தவர்கள் செய்ததையே தானும் செய்வது. யாரும் சீந்தாத உடலைத் தேடிப் பிடித்து, அதில் இஞ்சினை மாற்றுவது.

நான் வாங்கியது 1972 பிளிமத் டஸ்டர். 400 டாலர். ஒரு பள்ளி ஆசிரியை ஓட்டியது. 30 டிகிரி சாய்ந்து உட்கார்ந்திருக்கும் ஆறு சிலிண்டர் இஞ்சின். சாகவும் சாகாது, ஓடவும் ஓடாது. அதை இறக்கிவிட்டு, பழைய வண்டிகளை உடைக்கும் இடத்திலிருந்து ஒரு வேனின் 360 கன அங்குல வி8 இஞ்சினை 250 டாலருக்குக் கொண்டுவந்தோம். கியர்பாக்ஸ் 318 இஞ்சின் இருந்த வேறொரு காருடையது. ஆறு சிலிண்டருக்கான கியர்பாக்ஸ் வி8இல் பொருந்தாது.

ஓட்டிப் பார்த்தோம். நின்ற நிலையில் ஒழுங்காகத்தான் இருந்தது. வேகம் கூட்டினால் கார் முழுதும் காய்ச்சல் கண்டது போல் நடுங்கியது. மூன்று மாலைகள் தேடினோம். அவர் தொழிற்சாலையில் இருந்தது பெயிண்ட் பிரிவில் என்பதை அப்போதுதான் சொன்னார். கடைசியில் புரிந்தது. 318இன் கிராங்க் தன்னளவில் சமன்செய்யப்பட்டது. 360இன் கிராங்க் அப்படியல்ல. மிச்ச எடையை முன்னாலுள்ள டாம்பரிலும் பின்னாலுள்ள டார்க் கன்வர்டரிலும் வைத்திருப்பார்கள். நாங்கள் மாட்டியது 318இன் கன்வர்டர். "இஞ்சினில் குற்றமில்லை. அதனுடைய சமநிலையில் ஒரு பகுதி வெளியே இருக்கிறது" என்றார். மறுபடி எல்லாவற்றையும் இறக்கி, அளந்த இடத்தில் எடை வைத்துப் பற்றவைத்தோம். நடுக்கம் நின்றது.

சென்னையிலிருந்து நண்பர் கப்பல் தபாலில் அனுப்பும் பத்திரிகை ஒன்று கராஜ் மேஜையில் கிடந்தது. அட்டையில் என் விரல் கிரீஸ். "இதை எத்தனை பேர் படிப்பார்கள்?" என்று கேட்டார். முந்நூறு பேர் என்றேன். அவர் சிரிக்கவில்லை. "கால் மைல் ஓட்டத்துக்கும் இங்கே அவ்வளவு பேர்தான் வருவார்கள்" என்றார்.

பிரேக்கை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்திருந்தோம். பணம் அவ்வளவுதான். ஆறு சிலிண்டருக்கென்று வைத்த ஒன்பது அங்குல டிரம் பிரேக்குகள்தான் அப்போதும் இருந்தன. தெருமுனையைத் தாண்டி எடுத்துப்போகாதே என்று அவர் சொல்லியிருந்தார். ஒரு சனிக்கிழமை மாலை தனியாக எடுத்துப்போனேன். சிக்னலில் பக்கத்தில் ஒரு கமாரோ வந்து நின்றது. ஓட்டியவன் இஞ்சினை ஒருமுறை உறுமவிட்டான். பச்சை விழுந்ததும் நானும் அழுத்தினேன். முதுகு இருக்கையில் ஒட்டிக்கொண்ட அந்த ஐந்தாறு வினாடிகளை நான் இன்னும் மறக்கவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது. அடுத்த சிக்னல் சிவப்பு. மிதித்தேன். கார் நிற்காமல் இடப்பக்கம் இழுத்தது. மளிகைப் பையோடு ஒரு கிழவர் குறுக்கே நடந்துகொண்டிருந்தார். அவருக்கு ஒரு கஜம் முன்னால் கார் கோணலாக நின்றது. அவர் திட்டவில்லை. ஆதரவுக்குப் பிடிப்பது போல் பானெட்டைக் கையால் தொட்டபடி சுற்றிக்கொண்டு போனார்.

மாரினெட்டி 1908இல் மிலான் நகருக்கு வெளியே, எதிரே வந்த சைக்கிள்காரர்களைத் தவிர்க்கப்போய்க் காரோடு பள்ளத்தில் விழுந்தார். அறிக்கையின் முன்பகுதி அந்த விபத்தைக் கொண்டாடுகிறது. பள்ளத்துச் சேற்றைக்கூடக் கொண்டாடுகிறது. அந்தச் சைக்கிள்காரர்கள் என்ன ஆனார்கள் என்று என் இரண்டு கட்டுரைகளிலும் நான் கேட்டிருக்கவில்லை.

பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேசாமல் காரை ஸ்டாண்டில் ஏற்றி நான்கு சக்கரங்களையும் கழற்றினார். 1974ஆம் வருஷத்து வேலியன்ட் ஒன்றின் முன்பக்க டிஸ்க் பிரேக்குகளைத் தேடி வாங்கி மாட்ட ஆறு வாரம் ஆயிற்று. இஞ்சினைவிடச் செலவு அதிகம். அந்த ஆறு வாரமும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

பிறகுதான் பந்தயப் பாதை. அந்த ஊரின் பெயரும் எழுத்தில் மிலான்தான். உள்ளூர்க்காரர்கள் மைலன் என்பார்கள். 402 மீட்டர் நேர்ப்பாதை. பணமில்லாதவர்களுக்கென்று அங்கே ஒரு முறை உண்டு. உன் கார் எத்தனை வினாடியில் கடக்கும் என்று முன்னதாகவே நீ எழுதிக் கொடுக்க வேண்டும். மெதுவான காருக்கு முதலில் பச்சை விழும். வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு கழித்து மற்றதற்கு. எனவே எந்தப் பழைய காரும் எந்தப் பெரிய காரோடும் போட்டியிடலாம். ஒரே நிபந்தனை: எழுதிக்கொடுத்ததைவிட வேகமாக ஓடினால் தோல்வி.

நான் 14.20 என்று எழுதினேன். தண்ணீரில் பின்சக்கரங்களைச் சுழலவிட்டு ரப்பரைச் சூடாக்கினேன். மூன்று மஞ்சள் விளக்குகள் அரை வினாடிக்கு ஒன்றாக இறங்கின. பிறகு பச்சை. பக்கத்துக் காரை முந்திக்கொண்டு கோட்டைக் கடந்தேன். கையை உயர்த்தினேன் என்றுகூட நினைவு. சீட்டு வாங்கும் ஜன்னலில் தெரிந்தது: 14.08. தோற்றிருந்தேன்.

"நல்ல கார். அதை உனக்கு இன்னும் தெரியவில்லை" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்குக் கோபம். சொன்னதைவிட அதிகம் செய்தவனைத் தோற்கடிக்கும் விதி என்ன விதி என்று. நம் விமரிசனத்தில் நாம் சொல்வதெல்லாம் நேர்மாறானதல்லவா? எல்லை மீறல், வெடிப்பு. கோபம் அடங்கச் சில நாட்களாயிற்று. என்னால் இவ்வளவு முடியும் என்று சொல்லி, அதையே செய்து காட்டுவது எவ்வளவு கடினம் என்று அதுவரை நான் யோசித்ததில்லை. அந்த வருஷம் மேலும் ஏழு முறை ஓடினேன். இரண்டு முறை வென்றேன்.

1988இல் ஊர் திரும்புமுன் காரை விற்றேன். வாங்க வந்த பையன் பானெட்டைத் திறக்கச் சொன்னான். ஜாக்கியை எடுத்துவந்து முதலில் முன்சக்கரத்தைக் கழற்றிக் காட்டினேன்.