தியேட்டருக்கு முறுக்கு கொண்டு போகலாமா?

விடுமுறையில் பிள்ளைகளோடு படத்துக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்து, மடியில் கட்டி வந்த கடலையைக் கொறித்த தலைமுறை நான். இன்றைய பாப்கார்ன் விலை எனக்கும் கசக்கத்தான் செய்கிறது. ஆனால், வெளி உணவைத் தடுக்கத் தியேட்டர்காரருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதே சமயம், சுத்தமான குடிநீரை அவர்கள் இலவசமாகத் தர வேண்டும். கைக்குழந்தைக்குத் தேவையான உணவைப் பெற்றோர் கொண்டு போகலாம். இந்த இரண்டையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

என் கவலை வேறு. முறுக்குப் பொட்டலத்தைப் பிள்ளையின் பைக்குள் திணித்து, "கேட்டா ஒண்ணும் இல்லைன்னு சொல்லு" என்கிறோமே, அதுதான். இருநூறு ரூபாயை மிச்சம் பிடித்து, பொய் சொல்லப் பாடம் நடத்துகிறோம். அந்தப் பாடத்தை எந்த வாத்தியாராலும் அழிக்க முடியாது.

என் வீட்டம்மாவுக்குச் சர்க்கரை. வாசலிலேயே பையைத் திறந்து, "நாலு பிஸ்கட் இருக்கு தம்பி, மாத்திரை போடணும்" என்பார். பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஒருமுறை விடவில்லை. வெளியே நின்று சாப்பிட்டுவிட்டுப் போனோம். படம் பத்து நிமிடம் போனது, மானம் போகவில்லை.

அனுமதி கிடைத்தாலும் பக்கத்து இருக்கைக்காரரை நினையுங்கள். வாசனை தூக்குகிற பிரியாணி, சரசரக்கும் பாலிதீன் பை இரண்டும் வேண்டாம். குப்பையைக் கையோடு எடுத்து வாருங்கள். அடுத்த காட்சிக்கு முன் மொத்த அரங்கையும் பெருக்க வேண்டியவர் ஒருவர் இருக்கிறார்.

படம் நன்றாக இருந்தால் சொல்லுங்கள், நாங்களும் போகிறோம்.